டென்னிஸ் 2024: கேளுங்கள், சொல்கிறோம்

2024 டென்னிஸ் பருவத்தைப் பற்றி வந்த கேள்விகளில் பலவும் நாட்டு அணிகள் மோதும் போட்டிகளைப் பற்றியே இருந்தன. தனி ஆட்டக்காரர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆண்கள் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையின் விதிகளை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. ஆகவே அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம்.

கேள்வி: ஒரு வீரர் நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனாலும் தரவரிசையில் இறங்கிவிடுகிறார். 'புள்ளிகளைத் தற்காக்க வேண்டும்' என்று வர்ணனையாளர்கள் சொல்வது என்ன கணக்கு? (வாசகர், மதுரை)

தரவரிசை என்பது கடந்த 52 வாரக் கணக்கு. புதிதாக ஒரு வாரம் உள்ளே வந்தால், போன வருடத்தின் அதே வாரம் வெளியே போய்விடும். போன வருடம் ஓரிடத்தில் வாங்கிய புள்ளியை இந்த வருடமும் அங்கே வாங்காவிட்டால் கணக்கில் துண்டு விழும். அதை வேறு போட்டியில் ஈடுகட்டலாம். முடியாவிட்டால் இறங்க வேண்டியதுதான்.

இந்தியாவின் சுமித் நாகலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்கள் ஜெயித்து உள்ளே வந்தார்: 30 புள்ளி. முதல் சுற்றில், போட்டியின் முன்னணி வரிசையில் இடம் (சீடிங்) பெற்ற அலெக்சாண்டர் பப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று வென்று இரண்டாம் சுற்று போனார்: 50 புள்ளி. மொத்தம் 80. அடுத்த வருடம் தகுதிச் சுற்று இல்லாமலே நேரடி இடம் கிடைத்தது, ஆனால் முதல் சுற்றில் தோமாஷ் மகாச்சிடம் தோற்றார். முதல் சுற்றுத் தோல்விக்கு 10 புள்ளிதான். ஆக, 70 போயிற்று. நூறாவது இடத்தை ஒட்டி நிற்பவருக்கு 70 புள்ளி பெரிய தொகை. கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர். அதில் 16 இடம் தகுதிச் சுற்றுக்காரர்களுக்கு, 8 இடம் அமைப்பாளர்கள் தரும் வைல்டு கார்டுக்கு. மீதி 104 பேர்தான் தரவரிசையால் நேரடியாக நுழைகிறார்கள். அதுவும் போட்டிக்கு ஆறு வாரம் முந்தைய பட்டியலைப் பார்த்துத்தான்.

பெண்கள் பிரிவில் இன்னொரு முடிச்சு உண்டு. குறிப்பிட்ட பெரிய போட்டிகளில் இத்தனையில் ஆடியே தீர வேண்டும் என்பது விதி. ஆடாவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் ஏறும். 2024 அக்டோபர் 21 அன்று இகா ஸ்வியாடெக்கின் முதலிடம் அரினா சபலென்காவுக்குப் போனதில் இந்தப் பூஜ்யங்களுக்குப் பங்கு உண்டு. அந்த வாரம் ஸ்வியாடெக் யாரிடமும் தோற்கவில்லை.

கேள்வி: ஒலிம்பிக்ஸ் நடந்ததால் மற்ற போட்டிகள் பாதிக்கப்பட்டனவா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பாதிப்பு தரையில்தான். தேதிகளை வரிசையாகப் பாருங்கள். பிரெஞ்சு ஓபன் ஜூன் 9-இல் முடிந்தது: களிமண். விம்பிள்டன் ஜூலை 1 முதல் 14 வரை: புல். ஒலிம்பிக்ஸ் ஜூலை 27-இல் தொடங்கி ஆகஸ்ட் 4 வரை, பிரெஞ்சு ஓபன் நடக்கும் அதே ரோலாண் கரோஸில்: மறுபடியும் களிமண். அமெரிக்க ஓபன் ஆகஸ்ட் 26: ஹார்டு கோர்ட். வழக்கமான வருடத்தில் களிமண்ணிலிருந்து புல், புல்லிலிருந்து ஹார்டு கோர்ட் என்று ஒரே திசையில் போவார்கள். 2024-இல் நடுவே ஒருமுறை திரும்பி வர வேண்டியிருந்தது.

இது காலணி மாற்றும் வேலை மட்டுமல்ல. களிமண் காலணியின் அடிப்பாகத்தில் மீன்முள் போன்ற வரிகள். சறுக்கி வந்து அடிக்க அது வேண்டும். புல் காலணியில் சின்னச் சின்னக் குமிழ்கள். விம்பிள்டனில் 8 மில்லிமீட்டருக்கு வெட்டிய புல்லில் பந்து தாழ்ந்து வரும். முழங்காலை மடக்கி, அடியைச் சுருக்கி, முன்னால் போக வேண்டும். களிமண்ணில் பந்து தோள் உயரத்துக்கு எழும். பின்னால் நின்று, சறுக்கி, நீளமாக அடிக்க வேண்டும். தொடையின் உள்பக்கத் தசையும் இடுப்பும்தான் இந்த மாற்றத்தை முதலில் உணரும்.

கார்லோஸ் அல்கராஸ் பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்று, ஒலிம்பிக் இறுதியில் நோவக் ஜோகோவிச்சிடம் 6-7, 6-7 என்று தோற்றார். அந்த ஆட்டத்தில் இருவருமே ஒருமுறைகூட எதிராளியின் சர்வீஸை முறியடிக்கவில்லை; செட் 6-6 ஆனால் ஆடும் டைபிரேக்கர்கள் இரண்டுதான் தங்கத்தை முடிவு செய்தன. ஜூன் தொடக்கத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 37 வயதுக்காரர் ஜோகோவிச் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பிறகு அமெரிக்க ஓபனில் அல்கராஸ் இரண்டாம் சுற்றில் நெதர்லாந்தின் போட்டிக் வான் டி சான்ட்ஷுல்ப்பிடமும், ஜோகோவிச் மூன்றாம் சுற்றில் அலெக்ஸி பாபிரினிடமும் வெளியேறினார்கள். சின்சினாட்டியையும் அமெரிக்க ஓபனையும் சேர்த்து வென்றவர்கள் ஆண்களில் யானிக் சின்னர், பெண்களில் சபலென்கா. இருவருமே பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவில்லை. சின்னருக்கு டான்சில் அழற்சி. சபலென்கா தோள் காயத்தால் விம்பிள்டனையும் விட்டிருந்தார். இதை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க ஓபன் இறுதிக்கு வந்த டெய்லர் ஃபிரிட்ஸ், ஜெசிகா பெகுலா இருவரும் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள்தான். ஆனாலும் ஓய்வுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: டேவிஸ் கோப்பை, பெண்கள் அணிகளுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் இத்தாலி எப்படி வென்றது? சின்னர் ஒருவர் போதுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

போதாது. அதுதான் இந்தக் கோப்பைகளின் அழகு.

இறுதிக் கட்டத்தில் இரு நாடுகள் மோதினால் மூன்று ஆட்டம்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். எல்லாமே மூன்று செட். முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை வீரர்கள், பிறகு முதல் நிலை வீரர்கள். 1-1 என்று நின்றால் இரட்டையர் தீர்மானிக்கும். உலகின் முதல் நிலை வீரர் உங்களிடம் இருந்தாலும் ஒற்றையரில் அவரால் ஒரு ஆட்டம்தான் தர முடியும். இன்னொன்றை வேறு யாராவது தர வேண்டும்.

ஸ்பெயினின் மலகாவில் நவம்பரில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிக் கட்டத்தைப் பாருங்கள். கால் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக லொரென்ஸோ முசெட்டி தோற்றுவிட்டார். சின்னர் செபாஸ்டியன் பேஸை 6-2, 6-1 என்று முடித்துச் சமன் செய்தார். இத்தாலியிடம் அந்த நேரத்தில் உலகின் சிறந்த இணைகளில் ஒன்றான சிமோனே பொலெல்லி - ஆண்ட்ரியா வவசோரி இருந்தார்கள். ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை போனவர்கள். இரட்டையருக்கு முன்பு அணித் தலைவர் பெயர்களை மாற்றலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, ஃபிலிப்போ வொலாண்ட்ரி அவர்களை உட்காரவைத்து, சின்னரையும் மாட்டியோ பெரெட்டினியையும் இறக்கினார். தோற்றிருந்தால் அவரைக் கிழித்திருப்பார்கள். 6-4, 7-5 என்று ஜெயித்தார்கள்.

அடுத்து வந்த இரண்டு சுற்றுகளிலும் முதல் ஆட்டத்தைப் பெரெட்டினி எடுத்தார்: அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் கொக்கினாகிஸ், இறுதியில் நெதர்லாந்தின் வான் டி சான்ட்ஷுல்ப். பின்னால் வந்த சின்னர் அலெக்ஸ் டி மினாரையும் டாலன் கிரீக்ஸ்பூரையும் வென்றார். இரண்டுமே 2-0, இரட்டையருக்கு வேலையே இல்லை. 1976, 2023-க்குப் பிறகு மூன்றாவது கோப்பை.

பெண்கள் அணியின் கதை இன்னும் தெளிவு. ஜப்பானோடு 2-1, போலந்தோடு 2-1, இறுதியில் ஸ்லோவாக்கியாவோடு 2-0. முதல் இரண்டு சுற்றுகளையும் தீர்த்தது இரட்டையர்தான்: சாரா எரானி, ஜாஸ்மின் பவோலினி. பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே இணை. அரையிறுதியில் பவோலினி ஒற்றையரில் ஸ்வியாடெக்கிடம் மூன்று செட் போராடித் தோற்றார். அந்தக் களைப்போடு திரும்பி வந்து, இரட்டையரில் அதே ஸ்வியாடெக்கையும் காத்தர்சினா கவாவையும் 7-5, 7-5 என்று வீழ்த்தினார். எரானிக்கு அப்போது 37 வயது. சர்வீஸில் வேகமே கிடையாது. ஆனால் வலைக்கு அருகில் எங்கே நிற்க வேண்டும், எதிராளியின் திருப்பியடி எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரிவதுபோல் வெகு சிலருக்கே தெரியும்.

கேள்வி: ரஃபேல் நடாலை ஏன் ஒற்றையரில் இறக்கினார்கள்? கடைசி ஆட்டம் அப்படியா முடிய வேண்டும்? (வாசகி, யாழ்ப்பாணம்)

நவம்பர் 19, மலகா: டேவிஸ் கோப்பை கால் இறுதி, ஸ்பெயினும் நெதர்லாந்தும். ஸ்பெயின் அணித் தலைவர் டேவிட் ஃபெரர் எடுத்த முடிவு. நடால் அப்போது தரவரிசையில் 150-க்கும் கீழே இருந்தார். அல்கராஸ் மேலே இருந்ததால் விதிப்படி நடால்தான் முதல் ஆட்டம் ஆட வேண்டும், வேறு வழியில்லை. உள்ளரங்கு, வேகமான ஹார்டு கோர்ட், பல மாதங்களாகப் போட்டி ஆட்டமே இல்லை. வான் டி சான்ட்ஷுல்ப் 6-4, 6-4 என்று வென்றார். நடாலின் பழைய ஃபோர்ஹேண்ட் களிமண்ணில் மேலேறி எதிராளியின் தோளுக்கு வரும். இங்கே இடுப்பு உயரத்திலேயே நின்றது.

அல்கராஸ் சமன் செய்தார். கடைசியில் அவரும் மார்செல் கிரானோலர்ஸும் ஆடிய இரட்டையர் இரண்டு டைபிரேக்கர்களில் கைநழுவிப் போயிற்று. எதிரில் நின்ற வெஸ்லி கூல்ஹோஃபுக்கும் ஓய்வு பெறப் போகும் வாரம் அது. நெதர்லாந்து அந்த வேகத்தில் முதல் முறையாக இறுதிக்கே போனது.

நடாலின் டேவிஸ் கோப்பைக் கணக்கு: 2004-இல் முதல் ஒற்றையரில் தோல்வி, பிறகு தொடர்ந்து 29 வெற்றி, கடைசியில் ஒரு தோல்வி. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு முடிவு சரியில்லை என்று வருந்த எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இந்தியா பாகிஸ்தானுக்குப் போய் ஜெயித்தது. பிறகு ஸ்வீடனிடம் 0-4. ஏன் இந்த ஏற்ற இறக்கம்? (வாசகர், திருநெல்வேலி)

உள்நாட்டு அணிதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். பாதி விடை இதில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 3, 4 தேதிகளில் இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தான் புல்தரையைத் தேர்ந்தெடுத்தது. 1964-க்குப் பிறகு இந்திய டேவிஸ் கோப்பை அணி அங்கே போனது அப்போதுதான். பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷி, அகீல் கான் இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். புல்லில் பந்து எழாது, பாயின்ட் சீக்கிரம் முடியும், நுரையீரலுக்கு வேலை குறைவு. கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். சென்னையின் ராம்குமார் ராமநாதனிடம் குரேஷி முதல் செட்டை டைபிரேக்கரில் எடுத்தார். இரண்டாவதும் டைபிரேக்கர், ராம்குமார் எடுத்தார். மூன்றாவது செட் 6-0. ஆட்டம் நீண்டதும் வயது காட்டிக்கொடுத்துவிட்டது. கோவையின் ஸ்ரீராம் பாலாஜி அகீலை 7-5, 6-3 என்று வென்றார். மறுநாள் யூகி பாம்ப்ரி - சாகேத் மைனேனி இரட்டையரை முடித்தார்கள், கடைசியில் 4-0.

இறுதிக் கட்டத்துக்கு முந்தைய இந்தக் கட்டத்தில் விதி வேறு: நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர், இரண்டு நாள். 3-0 ஆகிவிட்டால் ஒரு ஆட்டம் மட்டும் சம்பிரதாயத்துக்கு. அதனால்தான் 4-0.

செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் தரை ஸ்வீடனின் தேர்வு: உள்ளரங்கு ஹார்டு கோர்ட். முதுகு வலியால் நாகல் வரவில்லை. வருடம் முழுவதும் இரட்டையர் ஆடும் பாலாஜி ஒற்றையரில் இறங்க வேண்டியதாயிற்று. ஒற்றையர் ஆட்டக்காரருக்கு வேண்டிய கால்வேகமும், பின்கோட்டில் நின்று இருபது முறை பந்தைத் திருப்பியடித்துத் தாங்கும் பழக்கமும் இரண்டு வாரப் பயிற்சியில் வராது.

தரை என்ன செய்யும் என்பதற்கு 1987-ஐவிட நல்ல பாடம் கிடையாது. சிட்னி புல்லில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்றது. தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தில் ரமேஷ் கிருஷ்ணன் வாலி மாசூரைத் தோற்கடித்தார். இறுதி ஆட்டம் ஸ்வீடனில். கோதன்பர்க் உள்ளரங்கில் களிமண்ணைக் கொட்டித் தளம் போட்டார்கள். 0-5. அணி அதேதான், தரைதான் வேறு.

கேள்வி: ரோகன் போபண்ணா 43 வயதில் உலகின் முதலிடம் என்றால், இரட்டையர் அவ்வளவு எளிதா? (வாசகர், ஈரோடு)

எளிதல்ல, வேறு ஆட்டம். ஒருவர் காக்க வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. ஓட்டம் குறைவு, கைவேகம் அதிகம். சர்வீஸ், அதைத் திருப்பியடிப்பது, வலையருகே பந்து தரையில் படும் முன் அடிக்கும் முதல் வாலி: இந்த மூன்றிலேயே பெரும்பாலான பாயின்ட் முடிந்துவிடும். போபண்ணாவின் சர்வீஸுக்கு அப்போதும் வயதாகியிருக்கவில்லை. 2024 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் மாத்யூ எப்டனோடு சேர்ந்து அவர் வென்றது, மேலே சொன்ன அதே பொலெல்லி - வவசோரியைத்தான்: 7-6, 7-5. டைபிரேக்கர் 7-0.

பார்ப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று. சாதாரண ஆண்கள் டூர் இரட்டையரில் டியூஸ் (40-40) வந்தால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த பாயின்ட்டே கேம். சர்வீஸை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிரணி தேர்ந்தெடுக்கும். மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயின்ட் டைபிரேக்கர். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் இது இல்லை; முழு செட் ஆடி, கடைசி செட்டில் 6-6 ஆனால்தான் 10 பாயின்ட் டைபிரேக்கர்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணா - பாலாஜி முதல் சுற்றிலேயே பிரான்சின் மோன்ஃபிஸ் - ரோஜர் வாஸலானிடம் தோற்றார்கள். எப்டன் ஜான் பியர்ஸோடு சேர்ந்து தங்கம் வாங்கினார்.

கேள்வி: யுனைடெட் கோப்பை, லேவர் கோப்பை எல்லாம் கணக்கில் சேருமா? (வாசகர், சிங்கப்பூர்)

யுனைடெட் கோப்பைக்குத் தரவரிசைப் புள்ளி உண்டு, அதிகபட்சம் 500. ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என மூன்று ஆட்டம். 2024-இல் ஜெர்மனி போலந்தை 2-1 என்று வென்றது. அலெக்சாண்டர் ஸ்வெரெவ் ஹுபர்ட் ஹுர்காச்சிடம் இரண்டு மேட்ச் பாயின்ட்டைத் தப்பித்து ஜெயித்து, அதே இரவு கலப்பு இரட்டையரிலும் ஆடினார். லேவர் கோப்பை, டேவிஸ் கோப்பை, ஒலிம்பிக்ஸ் மூன்றுக்கும் புள்ளி கிடையாது.

கேள்வி: சின்னர் ஊக்கமருந்து விவகாரத்தில் தப்பித்துக்கொண்டாரா? (வாசகி, சென்னை)

நடந்ததைச் சொல்கிறோம். 2024 மார்ச்சில் எட்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டான குளோஸ்டெபால் மிகச் சிறிய அளவில் இருந்தது. அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு அந்த மருந்து கலந்த ஸ்பிரே அடித்துக்கொண்டு, கையுறை இல்லாமல் மசாஜ் செய்ததால் தோல் வழியாகப் போனது என்பது விளக்கம். தனித் தீர்ப்பாயம் அதை ஏற்று, அவர்மேல் தவறில்லை என்று ஆகஸ்டில் அறிவித்தது. ஆனாலும் இந்தியன் வெல்ஸ் அரையிறுதியில் வாங்கிய 400 புள்ளியும் பரிசுப் பணமும் போயின. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு மேல்முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடைக்கு இருதரப்பும் ஒப்புக்கொண்டன. தன்னுடன் வேலை செய்பவர்களின் கவனக்குறைவுக்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

எங்களுக்கு உறுத்துவது ஒன்றுதான். ஒவ்வொரு மாதிரியின் முடிவு வந்தபோதும் இடைக்காலத் தடை வந்தது. உடனே வழக்கறிஞர்களை வைத்து முறையிட்டதால் சில நாளில் நீங்கியது. அந்த வசதி 300-ஆவது இடத்தில் இருப்பவருக்குக் கிடையாது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மாநில அளவில் ஆடுகிறான். தொழில்முறை டென்னிஸில் எங்கே தொடங்குவது, என்ன செலவாகும்? (தந்தை, சேலம்)

முதல் படி சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் எம்15 போட்டிகள். அதற்கு ஐபின் என்ற அடையாள எண் வாங்க வேண்டும். கூட்டமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்பு வரும் வியாழக்கிழமை, நம் நேரம் மாலை 7.30-க்குப் பெயர் கொடுப்பது முடிந்துவிடும். விலகுவதென்றால் 13 நாள் முன்பு செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்குள். புதியவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்தச் செவ்வாயில்தான்: மறந்துவிட்டுத் தாமதமாக விலகினால் நடவடிக்கை வரும்.

பணக் கணக்கைத் திறந்து சொல்கிறோம். எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையரில் ஜெயித்தவருக்கு 2,160 டாலர், 15 புள்ளி. முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர், புள்ளி பூஜ்யம். வரி பிடித்தம் போக அது ரயில் டிக்கெட்டுக்கும் இரண்டு நாள் விடுதிக்கும் சரியாகிவிடும். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,20,000 ஆஸ்திரேலிய டாலர், ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய். நடுவில் இருக்கும் ஏணி சேலஞ்சர் போட்டிகள். 2024 பிப்ரவரியில் நாகல் சென்னை சேலஞ்சரை வென்று 100 புள்ளி வாங்கித்தான் முதல் நூறுக்குள் நுழைந்தார். எம்15-இல் ஆறு ஏழு பட்டம் வென்றால்தான் அந்த ஒரு வாரத்துக்கு ஈடாகும்.

முதல் வருடத்தில் இந்தியாவிலேயே தொடர்ந்து வரும் வாரங்களில் நடக்கும் போட்டிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் முதல் சுற்றில் தோற்றால் பேருந்திலோ ரயிலிலோ அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஒற்றையரோடு இரட்டையருக்கும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கூடுதல் பணம் சின்னதுதான், ஆனால் ஆட்டங்கள் கிடைக்கும். பட்டியலில் போட்டிப் பெயருக்குப் பக்கத்தில் எச் என்ற குறி இருந்தால் தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. அப்படிப்பட்டவற்றை முதலில் குறித்துவையுங்கள்.